காய்ச்சல் போன பிறகு

1998-99இல் நம் நாட்டில் ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவுகட்டி, கொசு மருந்து அடித்தார்கள்; தடுப்பூசி போட்டார்கள். ஆனால் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணையில் வேலை பார்த்த பெரியவர்கள். கொசு என்ன ஆள் பார்த்தா கடிக்கும்? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கவ் பிங் ஒரு புது வைரஸைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு நிலைத்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம், பத்து லட்சம் பன்றிகள் அழிப்பு.

வரலாறு இந்த எண்களோடு முடிந்துவிடுகிறது. நோய் முடியவில்லை. பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்பி வந்தது. முதலில் ஒன்றுமே ஆகாதவர்களில் சிலருக்கும் வந்தது. ஒருவருக்கு 11 ஆண்டுகளுக்குப் பிறகு! இது முதுமை மறதி நோய் இல்லை. ஆனாலும் ஒரு வைரஸ் மூளையில் சத்தமில்லாமல் குடியிருக்க முடியும் என்பதை நம் பக்கத்து ஊர்தான் காட்டியது.

மறதி நோய்க்கும் வைரஸுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி பழசு. 1991இல் மான்செஸ்டரில் ரூத் இட்சாக்கி குழுவினர், முதியவர்களின் மூளையில் ஹெர்ப்பிஸ் வைரஸின் மரபணுவைக் கண்டார்கள். ஆனால் அல்சைமர் இல்லாதவர்களின் மூளையிலும் அது இருந்தது. அதனால் வெகுநாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மை வைரஸும் அப்படித்தான். சின்ன வயசில் வந்து, நரம்பில் ஒளிந்து, கிழவயசில் அக்கியாகத் திரும்பும். நம் பாட்டிமார் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டது இதற்குத்தான். 2013இல் வேல்ஸ் நாடு அக்கித் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, 80 வயது முடிந்தவர்களுக்குக் கிடையாது என்றது. சில வார வயது வித்தியாசத்தில் ஒருவருக்கு ஊசி உண்டு, இன்னொருவருக்கு இல்லை. பொறியாளனான எனக்கு இதைவிட நல்ல சோதனை அமைப்பு தோன்றவில்லை. ஏழு ஆண்டுகளில், ஊசி போட்டவர்களிடம் மறதி நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று 2025இல் ஆய்வு வெளியானது. வைரஸை அடக்கியதாலா, நோய் எதிர்ப்பைத் தட்டி எழுப்பியதாலா? அது இன்னும் தீரவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வீட்டுக்கு வீடு கேட்கும் வாக்கியம், "வயசாச்சு, மறதி." அன்று "கொசு" என்ற சொல் என்ன செய்ததோ, அதையே "வயசு" இன்று செய்கிறது. காரணம் தெரிந்துவிட்டது போலப் பேச்சை முடித்துவைக்கிறது. சுங்கை நிப்பாவில் உயிர்கள் தப்பியது, அந்தப் பதில் போதாது என்று ஒருவர் நினைத்ததால்தான்.