பழவேற்காடு: மணல் மூடுற ஒரு வாசலின் கதை

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போனா மீஞ்சூருக்கு அடுத்த ஸ்டேஷன் அனுப்பம்பட்டு. அதையும் தாண்டிப் போய் பொன்னேரியில இறங்கி பஸ் பிடிச்சா பழவேற்காடு. இன்னைக்கு நாம பேசப்போறது, அங்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற வாசலைப் பத்தி. முகத்துவாரம்னு சொல்வாங்க.

1613-ல டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாறுற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களுக்கு இதுதான் தலைமையிடம். ஆனா அவங்களோட பெரிய கப்பல்கள் கடல்லயே நங்கூரம் போட்டு நின்னுச்சு. சரக்கு படகுலதான் கரைக்கு வந்தது. அப்பவே வாசல்ல மணல்!

ஏன் அப்படி? மழைக்காலத்துல ஆரணி ஆறு வெள்ளமா வந்து மணல்மேட்டை உடைக்கும். அதே வெள்ளம் வண்டலையும் கொண்டுவந்து ஏரிக்குள்ள இறக்கிட்டுப் போகும். கோடையில ஆறு வத்திடும். உள்ளேயிருந்து தள்ளுற வேகம் இல்லாததால, கடலோரமா நகர்ற மணல் வாசலை அடைச்சிடும்.

அடைச்சா என்னங்க? இறால் முட்டையிடுறது கடல்ல, குஞ்சு வளர்றது ஏரியில. மடவை, கொடுவா, பச்சை நண்டு எல்லாத்துக்கும் இந்தப் போக்குவரத்து வேணும். வாசல் மூடினா குஞ்சு உள்ளே வராது. வெயில்ல தண்ணி வத்தி உப்பும் ஏறிடும். கடலுக்குப் போற படகுக்கும் வழி இல்லை.

இங்கே 'பாடு'ன்னு ஒரு பழைய முறை இருக்கு. இறால் வலை கட்டுற இடங்களை ஊர் கூடி முறைவெச்சுப் பிரிச்சுக்கும். ஒருத்தரே நல்ல இடத்தை வளைச்சுப்போட முடியாது. ஆனா ஒண்ணு, இந்த உரிமை எல்லாருக்கும் கிடையாது, குறிப்பிட்ட குடும்பங்களுக்குத்தான். அந்த நல்ல இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டியே இருக்கு. மணல் மூடிட்டா, எவ்வளவு நியாயமா பிரிச்சும் பிரயோஜனம் இல்லை.

மீனவர்களே கைக்காசு போட்டு வாசலைத் தோண்டின வருஷங்கள் உண்டு. தோண்டின பள்ளத்தை அலை திரும்ப மூடிடும். அதனாலதான் ரெண்டு பக்கமும் கல்சுவர் கட்டி வாசலை நிலைநிறுத்துற திட்டத்தை அரசு கையில எடுத்தது.

நான் முதல்ல 'அப்பாடா, முடிஞ்சது பிரச்னை'ன்னுதான் நினைச்சேன். ஆனா நம்ம கரையில மணல் மொத்தத்துல தெற்கேயிருந்து வடக்கே நகருது. சுவர் அதைத் தடுத்தா தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். வடக்கேயும் குப்பங்கள் இருக்கே! அதனால சுவரோட வேலை முடியாது. சேர்ற மணலை அள்ளி வடக்கே போடணும், வருஷாவருஷம். அந்தச் செலவு யாரோடது? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அடுத்த தடவை இறால் வாங்கும்போது இந்த வாசலைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.