யுனிக்ஸின் பழைய ஏடுகள்

கணினியின் வரலாறு பெரும்பாலும் கம்பனிகளின் வரலாறாகவும் அவற்றின் அதிபர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வருகின்றது. பொறியின் முன்னிருந்து உழைத்தோர் எழுதியவை எங்கே போயின, அவற்றைக் காத்தவர் யாவர் என்று கேட்போர் சிலரே. இக்கேள்விக்கு யுனிக்ஸ் தகுந்த விடையளிக்கின்றது. கணினியின் உறுப்புகளை ஒழுங்குபடுத்தி வேலை வாங்கும் அடிப்படை நிரலைப் பணிசெயல் முறைமை என்கிறோம். அத்தகைய முறைமைகளுள் ஒன்றே யுனிக்ஸ். இன்று நம் கைகளிலுள்ள தொலைபேசிகளிற் பெரும்பாலானவை அதன் வழிவந்த அல்லது அதன் அமைப்பைப் பின்பற்றிய முறைமைகளினாலேயே இயங்குகின்றன.

1969இல், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன் பிடிபி-7 என்னும் சிறு கணினிக்காக இதனை முதலில் எழுதினார். டெனிஸ் ரிச்சி முதலிய சகாக்கள் உடனுழைத்தனர். ஆய்வுகூடத்தின் உரிமையாளரான தொலைபேசிக் கம்பனி, 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத் தீர்ப்பினாற் பிற வியாபாரங்களில் இறங்க முடியாதிருந்தது. ஆகவே யுனிக்ஸ் மூல நிரலோடு சொற்ப விலைக்குப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தது. கம்பனியின் தாராள மனத்தினால் அன்று, சட்டத்தின் கட்டினால்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஜோன் லயன்ஸ், ஆறாம் பதிப்பின் கருப்பகுதி நிரலை அச்சிட்டு, மாணவர்க்காக அதற்கு ஓர் உரையும் வகுத்தார். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமப் பத்திரமோ, மூல நிரலை வகுப்பறையிற் பாடமாக வைப்பதையே தடுத்தது. ஆசிரியத் தொழில் செய்யும் நாம் இவ்விடத்தைக் கடந்துபோக முடியவில்லை. அறிவு உடைமையாகும்போது பாடம் சொல்வதும் குற்றமாகிவிடுகின்றது! மாணவர்கள் என்ன செய்தனர்? பிரதிக்குப் பிரதி எடுத்து, எழுத்து மங்கி மங்கி, அந்நூலைக் கைமாற்றினர். அது முறைப்படி வெளியானது 1996இலே தான்.

அதே நாட்டைச் சேர்ந்த வாரன் டூமி 1990களில் பழைய யுனிக்ஸ் நாடாக்களைத் திரட்டத் தொடங்கினார். பல நாட்டாரும் தத்தம் அலுமாரிகளிற் கிடந்த நாடாக்களையும் கைந்நூல்களையும் அனுப்பினர். ஆயினும் உரிமை தடையாக நின்றது. இக்குழுவினர் கையொப்பம் திரட்டி விண்ணப்பித்ததன் பின், 1998இல் அப்போதைய உரிமையாளர் நூறு டொலருக்குத் தனியாருக்கு உரிமம் வழங்கினர். 2002இல் பழைய பதிப்புகள் யாவர்க்கும் பொதுவாயின. யுனிக்ஸ் மரபுரிமைச் சங்கம் எனப் பெயர் கொண்ட இக்குழுவின் தொகுப்பு இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது.

முதற் பதிப்பின் கருப்பகுதி நிரலுக்கு நாடா எதுவும் அகப்படவில்லை. 1972இற் காகிதத்தில் அச்சான ஒரு பட்டியலே எஞ்சியிருந்தது. 2008இல் சிலர் அதன் பக்கங்களைப் பங்கிட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக மீட்டனர். எழுத்து மங்கிய ஏட்டில் ஒரு சொல் பிழைத்தால் செய்யுளின் பொருள் சிதையும். இங்கே ஓர் எண் பிழைத்தாற் பொறியே நின்றுவிடும். சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புகளைப் பயின்ற எமக்கு இவ்வுழைப்பு அந்நியமாகத் தோன்றவில்லை. ஈற்றில், பழங்கணினியைப் போல நடிக்கும் வேறொரு நிரலின் மேல், அம்முதற் பதிப்பு மீண்டும் இயங்கியது.

2016இல் பிடிபி-7 நிரலும் அவ்வாறே மீண்டது. ஆய்வுகூடத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரிடமிருந்த அச்சுப் பிரதிகளே ஆதாரம். காணாமற்போன பகுதிகளைத் தாமே எழுதி நிரப்பியவர்கள், பழையதோடு அவற்றைக் கலந்துவிடாது வேறாகவே வைத்தனர். இந்நேர்மை பதிப்பாசிரியர் பலர்க்கும் வாய்க்காதது.

சியாட்டில் நகரில் போல் அலன் என்னும் கோடீஸ்வரர் நிறுவி, 2012இற் பொதுமக்களுக்குத் திறந்த கணினி அருங்காட்சியகத்தில் பழம்பொறிகள் உயிரோடு இயங்கின. அவர் 2018இற் காலமானார். 2020இல் அருங்காட்சியகம் மூடப்பட்டது. 2024இல் இனித் திறக்கப்படாது என்று அறிவிக்கப்பட்டு, பொருள்கள் பல ஏலத்துக்கு வந்தன. டூமியும் தோழர்களும் சேர்த்த நிரல்களோ, எவரும் பிரதிசெய்யத்தக்கவாறு பல நாடுகளின் கணினிகளிற் கிடக்கின்றன.