ஹிரோஷிமாவின் உடுப்புக் கிடங்கு

1894இல் சீனாவோடு போர் மூண்டபோது, மேற்கே நீண்ட ஜப்பானிய ரயில் பாதை ஹிரோஷிமாவோடு நின்றிருந்தது. அங்கிருந்து உஜினா துறைமுகம்வரை 17 நாளில் ஒரு கிளைப்பாதை போட்டார்கள். பட்டாளம் அதன் வழியே போய்க் கப்பலேறியது. அதன்பின் அந்த ஊரில் ஆயுதத்துக்கு ஒரு கிடங்கு, உணவுக்கு ஒன்று, உடுப்புக்கு ஒன்று என ராணுவம் நிலைகொண்டது.

உடுப்புக் கிடங்கு இருந்தது ஊரின் தெஷியோ பகுதியில். சீருடை, பூட்ஸ், தொப்பி எல்லாம் அங்கே தயாராகிக் கப்பலுக்குப் போயின. 1913இல் எழுந்த அதன் மூன்றடுக்குக் கட்டடங்களில் நான்கு இன்னும் நிற்கின்றன: மூன்று ஒரே வரிசையில், நான்காவது குறுக்கே. கட்டுமானத் தொழிலில் இருந்தவன் என்பதால் என் கண் முதலில் சுவருக்குத்தான் போனது. சுமார் 60 சென்டிமீட்டர் கனம், முழுக்கச் செங்கல். ஆனால் உள்ளே தூணும் உத்தரமும் கம்பி கட்டிய கான்கிரீட். ஜப்பானில் கான்கிரீட் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் அதைத் துணிந்து பயன்படுத்தியவர்கள், பழகிய செங்கல்லையும் விட்டுவிடவில்லை.

1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வெடித்த இடத்துக்கும் இதற்கும் 2.7 கிலோமீட்டர். சுவர்கள் நின்றன. ஜன்னல்களின் இரும்புக் கதவுகள் உள்பக்கமாக வளைந்தன. அந்த வளைவை இன்றும் பார்க்கலாம். உடுப்பு அடுக்கிய தளங்களில் வெந்த உடலோடு வந்தவர்களைக் கிடத்தினார்கள். பலர் அங்கேயே இறந்தார்கள். கவிஞர் தோகே சங்கிச்சி அதைக் கவிதையாக எழுதியிருக்கிறார்.

போருக்குப் பின் பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, சரக்குக் கிடங்கு எனக் காலம் தள்ளிய கட்டடங்கள், 1990களுக்குப் பிறகு பூட்டியே கிடந்தன. 2019 டிசம்பரில் மாவட்ட நிர்வாகம் தன் வசமிருந்த மூன்றில் இரண்டை இடிக்கத் திட்டமிட்டது. நிலநடுக்கம் தாங்கும்படி பலப்படுத்த ஆகும் செலவுதான் காரணம். குண்டிலிருந்து தப்பியவர்களும் இளைஞர்களும் எதிர்த்து நின்றார்கள். மறுபடி சோதித்ததில், கணக்கிட்டதைவிடச் செங்கல் சுவர் வலுவானது என்று தெரிந்தது. செலவு மதிப்பீடு ஏறக்குறையப் பாதியானது. 2021இல் மூன்றையும் காப்பது என்று முடிவாயிற்று. 2024 ஜனவரியில் நான்கும் நாட்டின் முக்கியக் கலாசாரச் சொத்தாயின. பெயர் தெரியாத அந்தக் கொத்தனார்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அதே சுவர் முன் மனசு கனத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானிய 5ஆம் டிவிஷனின் தலைமையிடம் ஹிரோஷிமா. அந்தப் படையெடுப்புக்குப் பின்தான் மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். என் தாத்தாவின் அண்ணன் போனவர், திரும்பவில்லை. தெஷியோவில் செத்தவர்களுக்காகவும் அழுதேன், அவருக்காகவும் அழுதேன். கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காட்சிக்கூடம் ஆக்கினால், வளைந்த ஜன்னல் கதவுகளுக்குப் பக்கத்தில் ஒரு வரைபடம் மாட்ட வேண்டும். உஜினாவிலிருந்து அந்தச் சீருடைகள் எந்தெந்த ஊருக்குப் போயின, அங்கே யார் யார் மாண்டார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.