கேஸ் ஷீட்டைக் கேட்கும் உரிமை: 25-ஆம் பிரிவுக்கு ஓர் உரை

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 25-ஆம் பிரிவில் மூன்றே உட்பிரிவுகள். கோரிமேட்டு ஜிப்மரின் மனநல வார்டானாலும் புதுச்சேரியின் தனியார் மனநல மருத்துவமனையானாலும் இந்த மூன்றும் பொருந்தும்.

உட்பிரிவு 1: மனநோய் உள்ள அனைவருக்கும் தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெற உரிமை உண்டு.

‘அனைவருக்கும்’ என்றதால், தாமே வந்து சேர்ந்தவரும் பிறர் கொண்டுவந்து சேர்த்தவரும் அடங்குவர். ‘தம்’ என்றதால் உரிமை நோயாளிக்கே உரியது. நம் ஊரில் ஃபைல் பெரும்பாலும் கூட வந்த அண்ணன் கையிலோ மாமனார் கையிலோதான் இருக்கும். டாக்டரும் அவரிடமே பேசுவார். அக்கறையில் நடப்பதுதான். ஆனால் மருந்தை விழுங்குபவருக்கு அதன் பெயர்கூடத் தெரியாமல் போகிறது.

உள்நோயாளியாக இருந்தவர் ‘படிவம் ஏ’-யில் எழுதிக் கேட்டால் 15 நாளுக்குள் நகல் தர வேண்டும் என்கின்றன 2018-ஆம் ஆண்டு விதிகள். நோய் இன்னது, செய்த பரிசோதனை, மதிப்பீடு, சிகிச்சை ஆகிய விவரங்களைப் பெறவும் அவை வழி செய்கின்றன. வார்டில் ஒருவரைக் கட்டிவைத்தால், எப்படி, ஏன், எவ்வளவு நேரம் என்பதை அவருடைய மருத்துவக் குறிப்பில் உடனே பதிய வேண்டும் என்கிறது சட்டத்தின் 97-ஆம் பிரிவு. அந்த இரவு நினைவில் பாதி அழிந்துபோனவருக்கு, நடந்தது என்ன என்று சொல்ல அந்தத் தாள்தான் இருக்கிறது. 25-ஆம் பிரிவின் உயிர் இங்கேதான் என்பேன்.

உட்பிரிவு 2: நோயாளிக்குக் கடும் மனப் பாதிப்போ பிறருக்குத் தீங்கோ நேருமென்றால், பதிவுகளுக்குப் பொறுப்பான மனநல நிபுணர் குறிப்பிட்ட தகவலை நிறுத்திவைக்கலாம்.

நிறுத்திவைப்பது குறிப்பிட்ட தகவலை மட்டுமே, முழு ஃபைலையும் அல்ல. ‘அவர் என்னை அடிக்கிறார்’ என்று மனைவி தனியே சொன்ன வரியை மறைக்கலாம். அதைச் சாக்காக வைத்து மருந்தின் அளவை மறைக்க முடியாது. படித்தால் வருத்தப்படுவார், கோபப்படுவார் என்பதும் போதாது; சட்டம் கேட்பது கடும் பாதிப்பை.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் வாழும் ஊர் புதுச்சேரி; ஆகவே இதில் பிரான்சின் வழியையும் பார்க்கலாம். பிரான்சின் 2002 மார்ச் 4 சட்டம், நோயாளி தன் கோப்பை நேரடியாகப் பெறலாம் என்கிறது. சம்மதமின்றி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் விஷயத்தில், ஆபத்து மிகுந்த அரிய நிலைகளில் மட்டும், படிக்கும்போது மருத்துவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று மருத்துவமனை கேட்கலாம். மறைப்பதைவிட, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு படிக்கவிடுவது நல்ல வழி. நம் சட்டம் அப்படி ஒரு வழியைத் தனியே எழுதி வைத்திருக்கலாம்.

உட்பிரிவு 3: தகவலை நிறுத்திவைத்தால், அதை வெளியிட ஆணை கோரி வாரியத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை உண்டு என்பதை அந்த நிபுணரே நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.

‘நிபுணரே’ என்பதால், நோயாளி கேட்கவில்லை என்று சும்மா இருக்க முடியாது. வாரியம் என்பது மனநல மறுஆய்வு வாரியம். இத்தகைய விண்ணப்பத்தை அது 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். முடிவு ஏற்கத்தக்கதல்ல என்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், புதுச்சேரிக்காரருக்கு அது சென்னை. எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இவ்வுட்பிரிவு சொல்லாதது ஒரு குறை. ஆகவே கேட்பவர் ‘படிவம் ஏ’-யின் நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. 15 நாள் எப்போது முடிந்தது என்று வாரியத்தில் காட்ட அது உதவும்.