துறைமுகமும் இரயிலும் இராயபுரமும்

நம் முன்னோர் பேதுரு அப்போஸ்தலரை அன்போடு இராயப்பர் என்று அழைத்தனர். கடலில் வலை வீசிய மீனவரான அவருடைய பெயர், கடலை நம்பி வாழ்ந்த மக்களின் ஊரில் நிலைத்திருப்பது பொருத்தமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் படகுக்காரர்கள் தங்கள் உழைப்பின் பணத்தைச் சேர்த்து எழுப்பியது இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். இந்த ஊரின் கதையைச் சொல்லப் புகுந்தால் கடலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பின்பு தண்டவாளத்துக்கு வர வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தே வடசென்னையை உருவாக்கின. இவ்விரண்டும் சேர்ந்தே அதற்குத் துன்பத்தையும் தந்தன.

படகுக்காரர் காலம்

1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட இடம் பெற்றபோது, இங்கே இயற்கைத் துறைமுகம் ஏதும் இருக்கவில்லை. நேர்கோடாக ஓடும் மணற்கரை. ஓயாது மோதும் அலை. கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து ஆளும் பொருளும் கரை சேர்வதற்கு மசூலாப் படகையும் கட்டுமரத்தையும் விட்டால் வேறு வழியில்லை.

மசூலாப் படகில் இரும்பு ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்துக் கரை சேரும். இந்த நுட்பம் அறிந்த படகுக்காரர்கள் இல்லாமல் சென்னைப் பட்டணத்தில் ஒரு மூட்டைத் துணி ஏற்றுமதி ஆகியிருக்காது. ஒரு கவர்னரும் கால் நனையாமல் கரை இறங்கியிருக்க முடியாது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்பட்டணத்தின் துறைமுகம் என்பது இம்மக்களின் தோளும் துடுப்பும்தான் என்றால் அது மிகையாகாது.

முதல் இரயில்

1853-இல் சென்னையிலிருந்து மேற்கு நோக்கி இருப்புப் பாதை போடும் வேலை ஆரம்பமாயிற்று. தொடக்க நிலையத்துக்கு இராயபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணம் எளிது. பெரும் வணிகர்களின் கிடங்குகள் இருந்த கறுப்பர் பட்டணம் (இன்றைய ஜார்ஜ் டவுன்) அருகிலேயே இருந்தது. சரக்கு ஏறி இறங்கும் கடற்கரையும் பக்கத்தில் இருந்தது. கடலையும் உள்நாட்டையும் இணைப்பதே இரயிலின் நோக்கம் என்பதால் நிலையம் கடலை ஒட்டி அமைந்தது.

1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் கவர்னர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓடியது. உயர்ந்த தூண்களோடு நிற்கும் அந்த நிலையம், இன்றும் எஞ்சியுள்ள இரயில் நிலையக் கட்டடங்களில் நம் நாட்டிலேயே மிகப் பழமையானது.

இங்கே நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. அந்தத் தண்டவாளங்களும் எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. 1856-க்கு முன் சென்னையில் கப்பல் அணையும் மேடை எதுவும் இல்லை. ஆகவே அந்த இரும்பெல்லாம் அலையைக் கடந்து கரையேறியது படகுக்காரர் திறமையால்தான். தங்கள் தொழிலையே பின்னாளில் விழுங்கப்போகும் மாற்றத்தின் முதல் சுமையைத் தங்கள் கையாலேயே அவர்கள் கரை சேர்த்தார்கள்!

கல்லால் கட்டிய கடல்

இரயில் 1862-க்குள் மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை சென்றுவிட்டது. 1871-இல் ராய்ச்சூர் வழியாகப் பம்பாயோடும் தொடர்பு ஏற்பட்டது. உள்நாட்டிலிருந்து பருத்தியும் தோலும் இரயில் வேகத்தில் வரத் தொடங்கின. ஆனால் கடற்கரைக்கு வந்ததும் பழைய படகு வேகம்தான். தண்டவாளம் எவ்வளவு நீண்டாலும் கரையில் சரக்கு தேங்கினால் என்ன பயன்? வணிகர்கள் துறைமுகம் கேட்டு வற்புறுத்தினார்கள்.

1861-இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டப்பட்டது. 1868, 1872 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் அதைப் பயனற்றதாக்கின. பின்பு கடலை இரு கருங்கல் கரங்களால் வளைத்து அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்குவது என்று முடிவாயிற்று. 1875-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12-ஆம் நாள் வீசிய புயல் அரை மைலுக்கு மேல் அலைத்தடுப்புச் சுவரை அடித்துச் சென்றது. மீண்டும் கட்டினார்கள். வாயில் கிழக்கே நேராகக் கடலைப் பார்த்திருந்ததால் அலையும் மணலும் உள்ளே புகுந்தன. 1904 முதல் 1919 வரை துறைமுகத்தை நடத்திய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். 1911-இல் அவ்வேலை முடிந்தது. அதன் பிறகே கப்பல் சுவரோரம் அணைந்து சரக்கை இறக்குவதும், பக்கத்திலேயே இரயில் வேகன் நின்று அதை ஏற்றிக்கொள்வதும் சாத்தியமாயிற்று.

அன்றிலிருந்து துறைமுகத்துக்குள்ளேயே தண்டவாளங்கள் வலைபோல் பரவின. மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் அகலப் பாதையும், தெற்கிலிருந்து எழும்பூர் வழியாக மீட்டர் பாதையும் கடற்கரைக்கு வந்து சேர்ந்தன. மசூலாப் படகுகள் மெல்ல மெல்ல மறைந்தன. படகுக்காரர் பிள்ளைகளில் சிலர் துறைமுகக் கூலிகளானார்கள். சிலர் இரயில்வேயில் சேர்ந்தார்கள். சிலர் மீன்பிடித் தொழிலோடு நின்றார்கள்.

நகரம் எப்பக்கம் வளர்ந்தது?

1873-இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. பெரும் பயணி வண்டிகள் படிப்படியாக அங்கே மாறின. 1908-இல் எழும்பூர் நிலையம் எழுந்தது. 1922-இல் இரயில்வேயின் தலைமை அலுவலகமும் இராயபுரத்தை விட்டுச் சென்ட்ரலுக்கு அருகில் புதிய மாளிகைக்குப் போய்விட்டது. 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையோரம் தென்சென்னையின் குடியிருப்புகள் பெருகின. அலுவலகம் செல்வோர் தெற்கே வீடு கட்டினார்கள்.

வடக்கே வந்ததோ சரக்குப் பாதையும் தொழிற்சாலையும். பெரம்பூரில் இரயில்வே பணிமனை, அதன் பின் 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஓட்டேரி பக்கம் பின்னி ஆலை, எண்ணூரில் வாகனத் தொழிற்சாலை, 1969-இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. வெளியூர்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் இங்கேயே வேரூன்றினார்கள். வடசென்னைப் பங்குகள் பலவும் நிரம்பியது இந்த வேலைகளால்தான். நம் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் தகப்பன் தொழில் என்ற இடத்தைப் பார்த்தால் இந்த வரலாறு ஓரளவு விளங்கும்.

ஒரே துறைமுகம், ஒரே இரயில். ஆனால் தெற்குக்குப் பயணி வண்டியும் வடக்குக்குச் சரக்கு வண்டியும் என்று ஆனபோது நகரம் இரண்டாகப் பிரிந்தது. நகரம் என்பது மண்ணால் மட்டும் பிரிவதில்லை. எந்தத் தண்டவாளம் யார் வீட்டு வாசலில் போகிறது என்பதாலும் பிரிகிறது.

மணலின் கணக்கு

துறைமுகம் கடலையும் மாற்றியது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்தின் கற்சுவர் குறுக்கே நின்றபோது அந்த மணல் தெற்கில் தேங்கியது. கோட்டைச் சுவரை ஒட்டி அடித்த கடல் விலகியது. மெரினாக் கடற்கரை அகன்றது. இன்று மாலை வேளையில் மக்கள் உலாவி மகிழும் பெருமணல் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஆனால் தெற்கில் சேர்ந்த மணல், வடக்கே வந்திருக்க வேண்டிய மணல் அல்லவா? வரவு நின்றது, அலையின் செலவு நிற்கவில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. கட்டுமரம் ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணல் போயிற்று, வீடுகளும் போயின. கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. தெற்கே ஒருவர் பெற்ற கடற்கரைக்கு வடக்கே ஒருவர் விலை கொடுத்தார்.

தூசியும் லாரியும்

சுதந்திரத்துக்குப் பின் துறைமுகம் மேலும் விரிந்தது. 1964-இல் ஜவகர் துறையும், 1970-களில் பாரதி துறையும் அமைந்தன. உள்நாட்டுச் சுரங்கங்களிலிருந்து இரும்புத் தாது இரயிலில் வந்து, 1977 முதல் இயந்திரங்களால் கப்பலில் ஏற்றப்பட்டது. நிலக்கரியும் வந்து குவிந்தது. காற்றில் பறந்த சிவப்புத் தூளும் கரித்தூளும் இராயபுரம், காசிமேடு வீடுகளின் தண்ணீர்ப் பானை வரை வந்து படிந்தன. மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011-இல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டு அகன்றன. இராயபுரம் மூச்சுவிட்டது. ஆனால் அதே பாரம் எண்ணூர் மக்களின் வாசலுக்குப் போயிற்று என்பதையும் நாம் மறக்கலாகாது.

1983-இல் கன்டெய்னர் முனையம் வந்தது. இதுதான் இரயிலுக்கும் துறைமுகத்துக்கும் இருந்த பழைய உறவை மாற்றியது. பெட்டிகளில் பெரும்பாலானவை சாலை வழியே போகத் தொடங்கின. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கங்களில் பெட்டிக் கிடங்குகள் முளைத்தன. துறைமுக வாயிலில் இடம் கிடைக்காத லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நின்றன. அந்த வரிசைக்கு நடுவே பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஆம்புலன்சும் காத்து நின்றது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன்டெய்னர் இரயிலில் 45 வேகன்கள். வேகனுக்கு இருபதடிப் பெட்டி இரண்டு வீதம் 90 பெட்டிகள். ஒரு லாரி இரண்டு பெட்டி ஏற்றினாலும் அந்த ஓர் இரயிலுக்கு ஈடாக 45 லாரிகள் நம் தெருவில் ஓட வேண்டும். துறைமுகத்தை விரிக்கும்போது தண்டவாளத்தையும் கூடவே விரிக்காவிட்டால், அந்தக் குறையைச் சுமப்பது பக்கத்தில் குடியிருப்பவர்களே. இரயில் பாதை இருந்த இடத்திலேயே இருக்க, துறைமுகம் மட்டும் பலமடங்கு பெருத்ததுதான் நம் பகுதியின் துயரத்துக்குப் பெரும் காரணம்.

காலம் கடந்தேனும் சில நல்ல காரியங்கள் நடந்தன. 2021 பிப்ரவரியில் சென்னைக் கடற்கரைக்கும் அத்திப்பட்டுக்கும் இடையே 22 கிலோமீட்டர் நீளத்தில் நான்காம் இரயில் பாதை திறக்கப்பட்டது. சென்னை, எண்ணூர் துறைமுகங்களின் சரக்குப் போக்குவரத்து நெரிசலைக் குறைப்பது அதன் நோக்கம். அதே நாளில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இரயிலும் நீட்டிக்கப்பட்டது. தெற்கே தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார இரயில் கிடைத்தது; வடக்கே திருவொற்றியூருக்கு மெட்ரோ இரயில் வந்தது அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து!

நாம் கற்க வேண்டியது

துறைமுகம் வேண்டாம் என்று சொல்லுவார் நம்மில் யாருமில்லை. அது நம் பலரது வீட்டில் அடுப்பெரிய வைத்தது. நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆனால் வளர்ச்சியின் வரவை ஊரெல்லாம் பங்கிட்டுக்கொள்வதும், செலவை மட்டும் கரையோர ஏழைகள் தலையில் வைப்பதும் நீதியாகுமா? புதிய துறை கட்டத் திட்டமிடுகிறவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லட்டும்: இந்தச் சுவரால் மணல் எங்கே குறையும்? இந்தச் சரக்கு எந்தத் தண்டவாளத்தில் போகும்? இந்தப் பாதையில் குடியிருப்பவர் யார்? 1875-இல் இக்கேள்விகளைக் கேட்க ஆளில்லை. இன்று கேட்க நாம் இருக்கிறோம்.

கேட்பதற்கு முதலில் நம் வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். படகுக்காரப் பாட்டனார், துறைமுகத் தொழிலாளித் தந்தையார், இரயில்வேயில் உழைத்துத் தேய்ந்த மாமா, சித்தப்பா ஆகியோர் இன்னும் நம் வீடுகளில் நினைவாக வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றித் தெரிந்ததை மூத்தோர் இளையோருக்குச் சொல்லட்டும்; இளையோர் எழுதி வைக்கட்டும். பட்டணத்தின் பெரிய புத்தகங்களில் கவர்னர்களின் பெயரும் பொறியாளர்களின் பெயரும் இருக்கின்றன. அலையைத் தாண்டி இரும்பைக் கரை சேர்த்தவர்களின் பெயரை எழுதி வைக்கும் கடமை நம்முடையது.