ஈயத்துக்குக் கவரிங்

செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தான் நமக்குப் பழக்கம். அமெரிக்காவில் ஈயத்தின் மேல் செம்பு பூசுகிறார்கள். நம் பாத்திரத்தில் ஏறுவது வெள்ளீயம், அங்கே செம்பு ஏறுவது காரீயத்தில். பொருள், கைத்துப்பாக்கிக் குண்டு.

நாம் எல்லாவற்றையும் தோட்டா என்று சொல்லிவிடுகிறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி வைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு, நான்கும் சேர்ந்தது. சுட்ட பிறகு கூடு காலடியில் விழும். அதைப் பொறுக்கி, மற்ற மூன்றையும் புதிதாக வைத்து மறுபடி தோட்டாவாக்குவதை அங்கே ரீலோடிங் என்கிறார்கள். காகித இலக்கைச் சுட்டுப் பழகுபவருக்கு ஒரு நாளில் சில நூறு தோட்டா போய்விடும். கூடு திரும்பி வரும், குண்டு வராது. கணக்குப் பார்ப்பவர் கண் அதனால் குண்டின் விலை மேல்தான்.

வெறும் காரீயம் மலிவு. 327 டிகிரி செல்சியஸில் உருகும், வீட்டுக் கொட்டகையிலேயே வார்த்துவிடலாம். ஆனால் மென்மை. வேகம் கூடினால் குழலின் உட்புற வரிப்பள்ளங்களில் ஈயம் அப்பிக்கொள்ளும், குறி தவறும். சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1880களின் தொடக்கத்தில் ஈயத்துக்குச் செம்பு உறை மாட்டினார். 1884-ல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்ததும் குண்டின் வேகம் எகிறியது. அதற்குப் பிறகு ராணுவத் துப்பாக்கிகளுக்கு உறையில்லாமல் கதி இல்லை என்றாகிவிட்டது.

உறை என்றால் செலவு. செம்புக் கலவைத் தகட்டில் வில்லை வெட்டி, கிண்ணமாக அழுத்தி, படிப்படியாக இழுத்து நீட்டி, ஈயத்தை உள்ளே வைத்து நெருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் செம்பு முழுவதும் ராணுவத்துக்குப் போனபோது, கலிபோர்னியாவின் ஓரவில் ஊரில், அப்பாவின் சலவைக்கடைக்குப் பின்னால் ஃபிரெட் ஹன்டிங்டன் ஒரு வழி பண்ணினார். பாயின்ட் 22 தோட்டாவில் பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை சுட்டால் கூடு குப்பை. அந்தக் குப்பையின் விளிம்பை அச்சில் தேய்த்து நேராக்கி, குண்டுக்கு உறையாக மாட்டும் கருவியை 1943-ல் செய்து விற்றார். வளை தோண்டி வாழும் ராக் சக் என்ற பிராணியை வேட்டையாடுபவர்களுக்கான குண்டு அது. ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்ற அந்தக் கருவியின் பெயர்தான் சுருங்கி ஆர்சிபிஎஸ் என்ற கம்பெனிப் பெயராயிற்று.

முலாம் குண்டும் இதே சிக்கனப் புத்திதான், வழி மட்டும் வேறு. பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பம் 1840-ல் காப்புரிமை வாங்கி, வெள்ளிச் சாமான் என்று ஊரை நம்பவைத்த மின்முலாம்தான் இங்கே செம்புக்கு வந்தது. அளவில் சற்றுச் சிறிதாக அழுத்திய ஈயக்குண்டுகளை ஓட்டை போட்ட பீப்பாயில் கொட்டி, செம்புக் கரைசலில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி உருட்டுவார்கள். மெல்ல மெல்லச் செம்பு ஏறும். எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் ஏறாது. அதனால் மறுபடி அச்சில் வைத்து ஒரு அடி. இந்த இரண்டாவது அடியில்தான் தரம் இருக்கிறது என்பது என் எண்ணம். மலிவு என்று வாங்குகிறவர்கள் அதை விசாரிப்பது நல்லது.

கவரிங் நகையைக் கல்லில் தேய்க்க முடியுமா? இதற்கும் எல்லை உண்டு. சாதாரண முலாமுக்கு நொடிக்கு 1,200 அடியை ஒட்டி நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். பழக்கத்துக்குச் சுடும் 9 மில்லிமீட்டருக்கு, 115 அல்லது 124 கிரெய்ன் குண்டுக்கு, அது தாராளம். 115 கிரெய்ன் என்பது ஏழரை கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. விலை பெரும்பாலும் வெறும் ஈயத்துக்கும் உறைக் குண்டுக்கும் நடுவில் நிற்கும்.

கெடுவது பெரும்பாலும் கடைசிப் படியில். கூட்டின் வாயைக் குண்டின் மேல் நெருக்கும்போது கை கொஞ்சம் அழுத்திவிட்டால் முலாம் வெட்டுப்படும், வெளியே தெரியாது. பழகியவர்கள் மருந்தும் பிரைமரும் இல்லாமல் ஒன்றை முதலில் நெருக்கி, குண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். செம்பு இடுப்பில் நகக்கீறல் போல ஒரு சாம்பல் வளையம் தெரிந்தால், அச்சைக் கால் திருகு தளர்த்துவார்கள்.