விண்ணில் எழுதப்படும் நில வரலாறு

நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டும் ஓலையும் கூறும். காட்டின் வரலாற்றை எது கூறும்? 1972ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட் முதற்கோள் அவ்வினாவுக்கு விடை தரத் தொடங்கியது. வர்ஜீனியா நார்வுட் என்னும் அம்மையார் வகுத்த கருவி அதில் இருந்தது. அது தரையினின்று வரும் ஒளியை நான்கு அலைவரிசைகளாகப் பிரித்து அளந்தது. செயற்கைக் கோள் அனுப்புவது உண்மையில் படமன்று, எண்களே. அவ்வெண்களைத் திருத்திப் படமாக்குவது கணிப்பொறியின் மென்பொருள். ஆகவே கோளின் வரலாறு மென்பொருளின் வரலாறும் ஆகும்.

1999இல் ஏவப்பட்ட ஏழாம் லேண்ட்சாட்டின் கதை இதற்குத் தக்க சான்று. கோள் முன்னேறிச் செல்வதால் கருவியின் பார்வைக் கோடுகள் வளைந்து செல்லும். அவற்றை நேராக்கும் உறுப்பு 2003 மே 31இல் பழுதுற்றது. அன்று முதல் ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 விழுக்காடு வெறும் கீற்றுகளாயிற்று. விண்ணிற்குச் சென்று பழுது பார்க்க வழியில்லை. எனவே வேறு நாட்களில் எடுத்த படங்களின் புள்ளிகளைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பும் மென்பொருள்கள் தோன்றின.

அக்காலத்தில் அக்கோளின் படமொன்றின் விலை 600 டாலர். பல படங்கள் வாங்க இயலாதவர்கள் முகிலற்ற ஒரு நாளின் படத்தைத் தேடினர். நிலநடுக்கோட்டு நாடுகளிலோ அத்தகைய நாள் அரிது. 2008இல் அமெரிக்க அரசு படங்கள் அனைத்தையும் இலவசமாக்கியது. தெளிந்த படத்தைத் தேடும் நிலை மாறி, பல படங்களிலிருந்து தெளிந்த புள்ளிகளைத் திரட்டும் முறை பெருகியது. 2012இல் பாஸ்டன் பல்கலைக் கழகத்தின் ஜூ, உட்காக் என்னும் இருவர், ஒளியையும் வெப்பத்தையும் கொண்டு முகிலையும், கதிரவனின் கோணத்தைக் கொண்டு அதன் நிழலையும் பிரித்தறியும் மென்பொருளை வெளியிட்டனர்.

இம்முறையின் பெரும்பயன் 2013இல் தெரிந்தது. மேரிலாந்துப் பல்கலைக் கழகத்தின் ஹான்சன் குழுவினர், பழுதுற்ற அதே கோளின் 6,54,178 படங்களைக் கூகுள் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் ஆராய்ந்தனர். 2000 முதல் 2012 வரை உலகம் இழந்த காடு 23 இலட்சம் சதுர கிலோமீட்டர் எனக் கண்டனர். இது மலேசியாவின் பரப்பைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு.

எனினும் ஒரு குறை உண்டு. ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்தவை யாவும் அவ்வாய்வில் மரமெனக் கொள்ளப்பட்டன. ரப்பரும் செம்பனையும் அதில் அடங்கும். பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்வது தோட்டத்து வழக்கம். கணக்கிலோ அதுவும் இழப்பாகும். தொல்காட்டை அழித்தலும் தோட்டத்தைப் புதுப்பித்தலும் ஒன்றாகா. 2014இல் வேறு அறிஞர்கள் இதனைச் சுட்டிக் காட்டினர். முகிலை ஊடுருவும் ரேடார் அளவுகளையும் இணைத்து, காட்டையும் தோட்டத்தையும் வேறுபடுத்தும் மென்பொருள்கள் இப்பொழுது வளர்ந்து வருகின்றன.

கருவி எண்ணைத் தரும். மென்பொருள் அதனைத் தெளிவாக்கும். அதன் பொருளையோ, மண்ணை அறிந்தவர்களே உரைத்தல் வேண்டும்.